மழையே இல்லை, போர்வை எப்படி நனைந்தது?

கேள்வி: திண்டிவனம் பக்கம் எனக்குச் சொந்த ஊர், வேலை சென்னையில். போன தை மாதம் ஊருக்கு வந்தபோது நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, வீடூர் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாமா தோப்பில் ஹாமக் என்னும் தொங்கு படுக்கை கட்டித் தூங்கினோம். தண்ணீரைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று நானும் இன்னொருவனும் தோப்பின் ஓரத்து மரங்களில் கட்டினோம். குளிர் காற்று வரக்கூடாதென்று நீலத் தார்ப்பாயை இரண்டு பக்கமும் தரை வரைக்கும் இறக்கி, முன்னும் பின்னும் கயிறு போட்டு இறுக்கினேன். படுப்பதற்கு முன் உள்ளேயே சின்ன கேஸ் அடுப்பில் டீ வைத்துக் குடித்தோம். விடியற்காலை நாலு மணிக்கு முழித்துப் பார்த்தால் போர்வை மேலெல்லாம் ஈரம், முதுகு ஜில்லிட்டுப் போயிருக்கிறது. அன்று ஒரு சொட்டு மழை இல்லை. இதில் பெரிய ஆச்சரியம், மூன்றாவது நண்பன் தார்ப்பாயே கட்டாமல் தோப்பின் நடுவில் மாமரத்தடியில் தொங்கினான். அவன் போர்வை எங்களுடையதைவிடக் காய்ந்திருந்தது!

தார்ப்பாயில் ஓட்டையா? வெளிநாட்டு கம்பெனி தார்ப்பாய் நல்ல விலை சொல்கிறார்கள், வாங்கலாமா? வரும் ஜனவரியில் கொடைக்கானல் மன்னவனூரில் தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் இரண்டு இரவு தங்கத் திட்டம். அம்மா "பனியில் படுக்காதே" என்று ஒரேயடியாக மறுக்கிறார்கள். வழி சொல்லுங்கள். – வாசகர், திண்டிவனம்.

பதில்: தம்பி, உங்கள் தார்ப்பாயில் ஓட்டை கிடையாது. புதுசு வாங்கும் பணத்தைப் பையிலேயே வையுங்கள். அதை எதற்குச் செலவழிப்பது என்று பின்னால் சொல்கிறேன். அன்றிரவு உங்களை நனைத்த தண்ணீரில் ஒரு பங்கு வானத்தால் வந்தது, இன்னொரு பங்கு உங்கள் உடம்பிலிருந்தும் அந்த அடுப்பிலிருந்தும் வந்தது. குளிருக்குப் பயந்து நீங்கள் இறுக்கிய ஒவ்வொரு முடிச்சும் அந்த ஈரத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்தது. மாமரத்தடியில் தொங்கிய நண்பர் எதையும் யோசித்துச் செய்திருக்க மாட்டார். ஆனாலும் அவருக்கு அமைந்த இடம் சரியான இடம்.

காற்று தாங்கக்கூடிய ஈரத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம், பூஜ்யத்தில் 5 கிராமுக்கும் குறைவு. தாங்க முடியாத மிச்சம் எங்கே குளிர்ந்த பரப்பு கிடைக்கிறதோ அங்கே தண்ணீராக உட்காரும். நம் ஊர்க் கணக்கில் பாருங்கள்: சாயங்காலம் 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 21 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் பனி பிடிக்கத் தொடங்கிவிடும். தை மாதத்து இரவில் திண்டிவனத்தில் 20 டிகிரியை ஒட்டி இறங்குவது சாதாரணம். பக்கத்தில் கடல், இந்தப் பக்கம் அணைத் தண்ணீர், வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண். ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பனி பிடிக்க ஊட்டிக் குளிர் வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் சமவெளியில் நனைகிறார்கள்.

அடுத்தது வானம். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை மேலே இழந்துகொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்று 21 டிகிரியில் இருக்கும்போதே, வெட்டவெளியில் கட்டிய தார்ப்பாய் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். பைக்கை முற்றத்தில் நிறுத்தினால் காலையில் சீட் நனைந்திருக்கும், மரத்தடியில் நிறுத்தினால் காய்ந்திருக்கும், காரணம் இதுதான். மரத்தின் இலைகள் காற்றளவு சூட்டில் இருப்பவை. அவை மேலே இருந்தால் கீழே உள்ள பொருள் அந்த அளவுக்குக் குளிராது.

இதை அழகாகச் சோதித்துக் காட்டியவர் லண்டனில் இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். பனித்துளியைப் பற்றி 1814இல் நூல் எழுதினார். புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, புல்லுக்கு ஆறு அங்குல உயரத்தில் மிக மெல்லிய கைக்குட்டை ஒன்றை இழுத்துக் கட்டினார். அந்தக் கைக்குட்டைக்கு அடியில் இருந்த புல், பக்கத்துத் திறந்தவெளிப் புல்லைவிடச் சூடாக இருந்தது. ஒரு கைக்குட்டை கனத்துத் துணியே வானத்தை மறைக்கப் போதும். நம் நாட்டிலும் இதைத் தொழிலாகவே செய்திருக்கிறார்கள். அலகாபாத், கல்கத்தா பக்கம் குழி வெட்டி, அதில் கரும்புத் தட்டையும் சோளத்தட்டையும் பரப்பி, மேலே ஆழமில்லாத மண்சட்டிகளில் தண்ணீர் வைத்து, ஒரே இரவில் ஐஸ் எடுத்ததை ராபர்ட் பார்க்கர் 1775இல் ராயல் சொசைட்டி இதழில் விவரித்திருக்கிறார். காற்று உறைநிலைக்கு வராத இரவிலும் சட்டித் தண்ணீர் உறைந்திருக்கிறது.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. மார்கழியில் மழை மேகம் இன்னும் மிச்சம் இருக்கும். மேகம் இருந்தால் பனி குறையும். தையில் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிறது, ஏரிகளில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது. அறுவடையை ஒட்டி நெல்வயலில் உளுந்தைத் தெளித்துவிட்டுப் பனியை நம்பி விட்டுவிடுகிறோமே, அதே பனிதான் உங்கள் தார்ப்பாயிலும் இறங்கியது. ஆகவே மார்கழியை எப்படியோ ஓட்டினோம் என்று தையில் அசட்டையாகப் போகாதீர்கள்.

இனி உங்கள் பங்கு. சும்மா படுத்திருக்கும் மனிதன் மூச்சிலும் தோலிலும் ஓர் இரவில் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீரை வெளியே விடுகிறான். இது வியர்த்துக் கொட்டாத மனிதனின் கணக்கு. இருவர் ஒரே தார்ப்பாய்க்குள் என்றால் அரை லிட்டர். நீங்கள் உள்ளே எரித்த கேஸ் இன்னும் மோசம்: ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். டீத்தண்ணீர் கொதித்த ஆவி தனிக் கணக்கு. அத்தனையும் போக வழியில்லாமல், வானத்துக்குச் சூட்டை இழந்து குளிர்ந்திருந்த பாலிதீனின் உள்பக்கத்தில் போய்ப் படிந்தது. காற்று லேசாக ஆட்டியதும் உங்கள்மேல் உதிர்ந்தது. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் கொண்டுபோன எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்: ஈரநெல் குவியலைத் தார்ப்பாயால் ராத்திரி முழுக்க இறுக்கி மூடினால், காலையில் பாயின் உள்பக்கம் சொட்டும், மேல்நெல் புழுங்கிக் கிடக்கும். அனுபவப்பட்டவர் ஓரத்தை இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிட்டுத்தான் படுக்கப் போவார். நீங்களும் செய்ய வேண்டியது அதுதான். விலை உயர்ந்த தார்ப்பாய் மழையை இன்னும் நன்றாகத் தடுக்கும், தூக்கக் கனமில்லாமல் இருக்கும், நெடுநாள் உழைக்கும். அதுவும் நீராவியை வெளியே விடாது. உள்பக்கம் அதே மாதிரிதான் வேர்க்கும்.

அடுத்த முறை நனைந்தால் எழுந்தவுடன் கோபப்படாமல் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் எங்கே என்பதைப் பொறுத்து மருந்து மாறும். போர்வையின் கழுத்துப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது மூச்சு. கால் பக்கம் மட்டும் என்றால் கால் தார்ப்பாயில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. போர்வையின் வெளிப்பக்கம் முழுக்க ஒரே மாதிரி ஈரம், உட்பக்கம் காய்ந்திருக்கிறது என்றால் பனியோ தார்ப்பாயிலிருந்து உதிர்ந்த தூறலோ. உட்பக்கம், அதாவது உடம்பை ஒட்டிய பக்கம் பிசுபிசுத்தால் நீங்கள் அதிகமாகப் போர்த்தி வியர்த்திருக்கிறீர்கள். ஹாமக்கின் அடித்துணி தலைமாட்டிலோ கால்மாட்டிலோ நனைந்து, ஈரம் நடுவை நோக்கி இறங்கியிருந்தால் அது கயிற்று வழியே வந்த தண்ணீர்.

இந்தக் கயிற்றுத் தண்ணீரைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. மரத்தில் வழியும் பனியும் மழையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் படுக்கைக்கு வந்துவிடும். தார்ப்பாய்க்கு உள்ளே, ஹாமக் தொடங்குவதற்கு ஒரு சாண் முன்னால், கயிற்றில் ஒரு பருத்தித் துணிக் கிழிசலையோ விளக்குத் திரியையோ கட்டி ஒரு முழம் கீழே தொங்க விடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அதில் இறங்கித் தரையில் சொட்டும். பகலிலேயே கயிற்றின் மரப்பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிச் சோதித்துவிடலாம். திரியைத் தாண்டி ஒரு சொட்டு வந்தாலும் முடிச்சை இறுக்கி மறுபடி ஊற்றிப் பாருங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. தண்ணீர்க் கரையை விடுங்கள். கண்ணுக்கு அழகு, படுக்கைக்குக் கேடு. குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தை நோக்கி வழிந்து ஏரிக்கரையில் தேங்கும். அங்கே ஈரமும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மூடுபனிதான். கரையைவிட்டுக் கொஞ்சம் மேடான, தலைக்கு மேல் இலையடர்த்தி உள்ள இடத்தைப் பாருங்கள். மாமரமும் வேம்பும் நல்லவை. தென்னையும் பனையும் வேண்டாம். மட்டையும் காயும் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு நிழலாகத் தெரிந்தாலும், அந்த ஊசி இலைகள் பனியைக் கோத்து விடிய விடியச் சொட்டும். தவிர, இளஞ்சவுக்கு உங்கள் எடைக்கு வளைந்து முதுகைத் தரையில் தட்டிவிடும். காய்ந்த கிளை தலைக்கு மேல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்த மரத்திலும் கட்டாதீர்கள்.

மரக்காணம் என்றதும் உப்பு ஞாபகத்துக்கு வருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரையில் ஒருநாள் கட்டிய ஹாமக்கிலும் கயிற்றிலும் உப்புக் காற்று படிந்திருக்கும். வியர்வை உப்பு ஏறிய பனியனும் அப்படியே. பனியே பிடிக்காத இரவிலும் இவை நசநசக்கும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும், சிக்கல் தீர்ந்தது. பகலெல்லாம் போட்டிருந்த சட்டையோடு படுக்காமல், தூங்குவதற்கென்று ஒரு ஜோடி காய்ந்த துணியைத் தனிக் கவரில் வைத்துக்கொள்வதற்கும் இதே காரணம்.

தார்ப்பாயைக் கட்டும் முறைக்கு வருவோம். ஹாமக் பத்தடி என்றால் தார்ப்பாயின் முகடு பன்னிரண்டு அடியாவது இருக்கட்டும். இரு முனையிலும் ஓர் அடி தாண்டி நிற்க வேண்டும். முகட்டுக் கயிற்றை உயரமாகக் கட்டுங்கள், படுத்தபடி கையை நீட்டினால் விரல்நுனி தொடுகிற உயரம். பக்கங்களைத் தரையிலிருந்து இரண்டு சாணாவது தூக்கி விடுங்கள். இரண்டு முனைகளும் திறந்தே கிடக்கட்டும். குளிர் காற்று அடிக்கிறதா? காற்று வரும் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்துங்கள், மறுபக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். லேசான காற்றோட்டம் உங்கள் மூச்சு ஈரத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும். மழை வராத, மரம் மூடிய இடம் என்றால் தார்ப்பாயைக் கட்டாமலே படுக்கலாம். உங்கள் நண்பர் காட்டியதும் அதுதான். திறந்தவெளியைத் தவிர்க்கவே முடியாவிட்டால், வெல்ஸின் கைக்குட்டையை நாமும் பயன்படுத்தலாம்: தார்ப்பாய்க்கு ஒரு சாண் மேலே பழைய சேலை ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். வானத்துக்குச் சூட்டை இழந்து நனைவது சேலையோடு நிற்கும், தார்ப்பாய் அவ்வளவாகக் குளிராது. சின்ன ஏற்பாடு, பலன் பெரிது.

சமையல் வெளியே. ஈரத்துண்டு, நனைந்த செருப்பு, மழைக்கோட்டு எதுவும் தார்ப்பாய்க்கு உள்ளே தொங்கக் கூடாது. தலைமாட்டில் ஒரு காய்ந்த பருத்தித் துண்டை வைத்துக்கொண்டு, நடுராத்திரி முழிப்பு வரும்போது பாயின் உள்பக்கத்தை ஒரு தரம் துடைத்துவிடுங்கள்.

போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொள்வது நம்மவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டுத் திண்ணையில் செய்யலாம், குளிரில் தொங்கும்போது கூடாது. மூச்சின் ஈரமெல்லாம் போர்வைக்குள்ளேயே இறங்கி, விடிவதற்குள் போர்வை கனத்துவிடும். குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொள்ளுங்கள், கழுத்தில் மப்ளர் சுற்றுங்கள். மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கட்டும். மூக்கு ஜில்லிடுவது ஒரு பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

இப்போது முதுகு. ஹாமக்கில் குளிர் மேலே இருந்து வருவதைவிடக் கீழே இருந்துதான் அதிகம் வருகிறது. கம்பளியோ ஸ்லீப்பிங் பேக்கோ சூட்டைக் காப்பது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் காற்றால். உடம்புக்கு அடியில் அது நசுங்கிவிடுவதால் காற்று போய்விடுகிறது; மெல்லிய நைலான் துணிக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இரண்டு கம்பளியை மேலே போர்த்தியவனுக்கு மார்பு வியர்த்து முதுகு நடுங்குகிறது. வியர்த்த ஈரம் குளிர்ந்து நடுக்கத்தை இன்னும் கூட்டுகிறது. தார்ப்பாய்க்கு ஒதுக்கிய பணத்தை இங்கே போடுங்கள். அண்டர்குவில்ட் என்று ஹாமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் மெத்தைப் போர்வை விற்கிறார்கள். உடம்பு அதை நசுக்காது, ஆகவே சூடு நிற்கும்.

வாங்க வசதியில்லை என்றால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஒரு பழைய பாலியஸ்டர் சேலையை ஹாமக்குக்குக் கீழே, குழந்தைக்குத் தூளி கட்டுவோமே அப்படி, இரண்டு முனையிலும் கட்டுங்கள். ஹாமக்குக்கும் சேலைக்கும் நடுவே ஒரு ரஜாயைத் தளர்வாகப் பரப்புங்கள். நீங்கள் ஏறிப் படுத்ததும் ரஜாய் முதுகை லேசாகத் தொட வேண்டும், நசுங்கக் கூடாது. அப்படி வரும்வரை சேலை முடிச்சைக் கூட்டிக் குறையுங்கள். பருத்திச் சேலை வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் காற்றை மட்டுப்படுத்தும், நீராவியை ஓரளவு வெளியே விடும். பாலிதீன் ஷீட்டையோ பளபளக்கும் அலுமினிய ஷீட்டையோ அந்த இடத்தில் கட்டினால், முதல் அரைமணி நேரம் சுகமாக இருக்கும். விடியற்காலை ரஜாய் பிழிகிற பதத்தில் இருக்கும். ஃபோம் மேட்டை ஹாமக்குக்குள் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு, குளிருக்கு அது நல்ல தடுப்பு. ஆனால் ஃபோம் ஈரத்தை விடாது. முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு கம்பளித் துணியை விரித்துப் படுங்கள்.

மன்னவனூர் வேறு கதை. கொடைக்கானலிலேயே ஜனவரியில் சராசரிக் குறைந்தபட்சம் 8 டிகிரி அளவில்தான் இருக்கும். அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மன்னவனூரின் புல்வெளிப் பள்ளங்களில் அதைவிடக் குறைந்து உறைபனி விழும் இரவுகள் உண்டு. மேலே சொன்ன விதிகள் அத்தனையும் அங்கேயும் பொருந்தும், பிழைக்கு மட்டும் இடம் குறைவு. ஏரியை ஒட்டிய புல்வெளியில் கட்டாதீர்கள், சரிவின் நடுப்பகுதியைத் தேடுங்கள். உறைபனி இரவில் தார்ப்பாயின் உள்பக்கத்தில் வெள்ளையாகப் படிகம் பூத்திருக்கும். அது அப்படியே இருக்கும்வரை தொல்லையில்லை. வெயில் பட்டதும் உருகி மொத்தமாகக் கொட்டும். ஆகவே வெயில் தார்ப்பாயைத் தொடுவதற்கு முன்பே போர்வையை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், பிறகு பாயை உதறுங்கள்.

மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் இயங்குகிறது. அந்த ஆடுகளின் மேல் இருப்பதுதான் இந்தக் குளிருக்கு ஏற்ற உடுப்பு. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும், சூட்டையும் அவ்வளவாக இழக்காது. உடம்பை ஒட்டிய பனியன் கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். காட்டன் பனியனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாடகைக்கு ஸ்லீப்பிங் பேக் எடுத்தால் இறகு அடைத்ததா, செயற்கைப் பஞ்சா என்று கேளுங்கள். இறகு நனைந்தால் கட்டி தட்டி ஒன்றுக்கும் உதவாது. இரண்டு இரவு தங்கும் உங்களுக்குச் செயற்கைப் பஞ்சே பத்திரம். முதல் இரவின் ஈரம் காயாமல் இரண்டாம் இரவுக்குப் போனால்தான் ஆபத்து. நடுப்பகலில் இரண்டு மணி நேரமாவது எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். மற்ற திட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

படுக்கும் முன் கடலை மிட்டாய் இரண்டைத் தின்னுங்கள், உடம்பு சூடு உண்டாக்க அதற்கு எரிபொருள் வேண்டும். எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்க் உதவாது, அது சூட்டை வெளியே விடாது. வெளிநாட்டு வீடியோக்களில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது உறைநிலைக்கு எவ்வளவோ கீழே, பல நாள் நடக்கிறவர்களுக்கான உபாயம். தமிழ்நாட்டு மலைகளில் அதைச் செய்தால் சொந்த வியர்வையில் ஊறுவீர்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். குளிர் தாங்கவில்லை என்று கரியடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ தார்ப்பாய்க்குள் வைக்காதீர்கள். கொடைக்கானலில் அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது, முழிப்பும் வராது.

அம்மா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். சளிக்குக் காரணம் கிருமி என்பது சரிதான். ஆனால் ஈரமும் குளிரும் சேர்ந்தால் வரும் ஆபத்தை அவர் வேறு வார்த்தையில் சொல்கிறார். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த உடம்போடு காற்றில் கிடந்தால் 10 டிகிரியிலேயே உடல்வெப்பம் அபாயமான அளவுக்கு இறங்கலாம். நடுக்கம் நிற்காமல் போனாலோ, கூட இருப்பவர் பேச்சுக் குழறினாலோ, கை விரலால் ஜிப்பைப் போட முடியாமல் தடுமாறினாலோ, அதோடு முகாம் முடிந்தது. ஈரத் துணியைக் களைந்து, காய்ந்ததை உடுத்தி, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். அந்த நிலத்துக்காரர் வீட்டில் ஒரு அறை உங்களுக்காகத் திறந்திருக்கும் என்று உறுதி வாங்கிக்கொண்டு கிளம்பினால் அம்மாவும் சம்மதிப்பார்.

அனுமதி விஷயம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி இரவு தங்கக் கூடாது. கல்வராயன் மலைக்கும் இதுவே. கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். கூடாரத் தங்கலுக்கும் அங்கே கட்டுப்பாடுகள் உண்டு, தனியார் நிலமானாலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே திரியும் மலை அது. சாணமும் குளம்புத் தடமும் தெரியும் வழியில் கட்டாதீர்கள். செஞ்சிக் கோட்டைப் பக்கம் சிலர் ஆசைப்படுகிறார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், 2025 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமும்கூட. அங்கே இரவு தங்குவதை மறந்துவிடுங்கள். நவம்பர், டிசம்பரில் எங்கே போவதாயிருந்தாலும் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் நம் விழுப்புரம் மாவட்டத்தில் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும்.

கொடைக்கானல் போவதற்கு முன் மாமா தோப்பிலேயே ஓர் இரவு இந்தக் கட்டுகளையெல்லாம் கட்டிப் பழகிவிடுங்கள், குளிரில் விறைத்த விரலோடு புது முடிச்சுப் போட வராது. திரும்பி வந்ததும் பையை மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், அன்றே எல்லாவற்றையும் கொடியில் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த ஹாமக்கில் சில நாளிலேயே பூஞ்சை பூத்து, அந்த வாடை பிறகு போகவே போகாது. கயிற்றின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் காயப்போட வேண்டும். கடைசியாகக் காய்வது முடிச்சுக்குள் இருக்கும் ஈரம்.